குதிரைகளின் மூட்டுக்களிலும் நாணுறைகளிலும் உண்டாகும் சீழ்த்தொற்று

குதிரையின் பெறுமதி அதன் நான்கு கால்களிலேயே தங்கியுள்ளது. நொண்டும் குதிரை உழைக்கமாட்டாது. ஆயினும் அதற்குத் தீனி போட்டே ஆகவேண்டும். கால்களில் உண்டாகும் நோய்களுள் மிக விரைவாகக் கேடு விளைவிப்பது மூட்டுக்களுள்ளும் தசைநாண்களின் உறைகளுள்ளும் கிருமிகள் புகுவதனால் ஏற்படும் சீழ்த்தொற்றாகும். இந்நோய் முதல் நாளில் அற்பமான ஒரு கீறலாகத் தோன்றும். நான்காம் நாளில் குதிரையின் உயிருக்கே உலை வைக்கக்கூடும். முதல் நாளிற் சிகிச்சை பெற்ற குதிரைகளுட் பல முழுவதும் குணமடைந்து மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றன. தாமதித்துக் கொண்டுவரப்பட்டவற்றுட் பல நிரந்தரமாக நொண்டியாகின்றன, அல்லது இறக்கின்றன.

இலங்கையிற் குதிரைகள் எண்ணிக்கையிற் சிலவே. நுவரெலியாவில் கிறெகரி வாவியின் அருகே உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரைகளும், அந்நகரின் பந்தயத் திடலில் ஓடும் குதிரைகளும், பொலிசுக் குதிரைப் பிரிவின் குதிரைகளும், குதிரையேற்றம் பயிற்றும் இடங்களில் உள்ளவையும் இவற்றுட் குறிப்பிடத்தக்கவை. எண்ணிக்கை குறைவாதலால், குதிரை நோய்களிற் பழக்கமுள்ளவர்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. ஆகவே குதிரையை நாள்தோறும் பார்க்கின்ற சொந்தக்காரரும் பராமரிப்பாளரும் இந்நோயின் தன்மையை அறிந்திருத்தல் மிகவும் அவசியமாகும். இங்கே கூறப்படுபவற்றுட் பெரும்பாலானவை கழுதைகளுக்கும் பொருந்தும்.

மூட்டும் நாணுறையும்

இரண்டு எலும்புகள் கூடும் இடமே மூட்டு. எலும்புகளின் முனைகளை வழவழப்பான கசியிழையம் மூடியிருக்கின்றது. மூட்டைச் சுற்றி ஒரு பை உண்டு. அப்பையின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வு, வெளிறிய மஞ்சள் நிறமுள்ள, தெளிந்த, இழுத்தால் நூல்போல நீளும் ஒரு நீரைச் சுரக்கின்றது. வண்டிச் சக்கரத்தின் அச்சுக்கு நெய் எவ்வாறோ, அவ்வாறே மூட்டுக்கு இந்நீர். கசியிழையத்திற் குருதிக் குழாய்கள் இல்லாமையால், அதற்கு வேண்டிய ஊட்டமும் பெரும்பாலும் இந்நீர் மூலமாகவே கிடைக்கின்றது.

தசைகளை எலும்புகளோடு இணைக்கும் உறுதியான கயிறு போன்ற பகுதி தசைநாண் எனப்படும். இது மூட்டுக்களைத் தாண்டிச் செல்லும் இடங்களில் உராய்ந்து தேயாதிருக்கும்படி ஓர் உறையினுள் வழுக்கிச் செல்கின்றது. அவ்வுறையே நாணுறை. அதனுள்ளும் மூட்டில் உள்ளது போன்ற நீரே இருக்கின்றது. குதிரைகளில் அடிக்கடி காயமடையும் நாணுறை, குளம்பிற்கு மேலுள்ள கணுவின் பின்புறத்தில் இருப்பதாகும். கணுவிற்குச் சிறிது மேலே தொடங்கும் இவ்வுறை குளம்பின் பின்புறம் வரை இறங்குகின்றது.

குதிரையின் முன்காலில் முழங்காலுக்குக் கீழும், பின்காலிற் குதிமூட்டுக்குக் கீழும் தடித்த தசைகள் கிடையா. தோலுக்கு அடியில் நேராக எலும்பும் தசைநாணும் மூட்டுப் பைகளுமே உள்ளன. மனிதனுடைய தொடையில் முள் குத்தினால் அது தசையோடு நின்றுவிடும். குதிரையின் கணுவில் அதே முள் குத்தினால் அது நேரே மூட்டுக்குள்ளோ நாணுறைக்குள்ளோ சென்றுவிடலாம்.

கிருமிகள் உட்புகும் வழிகள்

மூட்டின் உட்பகுதி இயல்பாகக் கிருமிகளற்றது. அங்கே கிருமிகள் மூன்று வழிகளாற் புகுகின்றன.

முதலாவது, காயம். முட்கம்பி, தகரத் துண்டு, கண்ணாடித் துண்டு, வேலிக் கட்டையின் கூர்முனை, மற்றொரு குதிரையின் உதை, வாகன மோதல், குளம்பில் ஏறும் ஆணி என்பன வழக்கமான காரணங்கள். வளர்ந்த குதிரைகளில் இவ்வழியே மிகுதியாகக் காணப்படுகின்றது.

இரண்டாவது, மூட்டுக்குள் ஊசி மூலம் மருந்து செலுத்தும்போதும் சத்திரசிகிச்சையின்போதும் தூய்மை குறைவதனால் நேரும் தொற்று. இது அருமையாகவே நிகழ்வதாயினும் கடுமையானது. எனவே, மூட்டுக்குள் ஊசி ஏற்றும் வேலையை மிருக வைத்தியர் அன்றி வேறெவரும் செய்தலாகாது.

மூன்றாவது, குருதி வழி. பிறந்து சில நாட்களோ சில கிழமைகளோ ஆன குட்டிகளில் தொப்புள், குடல், நுரையீரல் ஆகியவற்றிலிருந்து கிருமிகள் குருதியிற் கலந்து மூட்டுக்களை அடைகின்றன.

கிருமி உட்புகுந்ததும் அதனை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் பெருந்தொகையாக மூட்டிலே திரள்கின்றன. கிருமிகள் வெளிவிடும் நஞ்சுகளும், வெண்குருதிக் கலங்கள் வெளிவிடும் கரைக்கும் பொருள்களும் சேர்ந்து கசியிழையத்தை அரிக்கின்றன. மூட்டுநீர் நீர்த்துக் கலங்குகின்றது. அதனுள்ளே தயிர்க்கட்டி போன்ற படிவுகள் தோன்றுகின்றன. இப்படிவுகளுக்குட் கிருமிகள் ஒளிந்துகொள்வதால், குருதி மூலம் வரும் மருந்து அவற்றை எளிதில் அடைவதில்லை. அரிக்கப்பட்ட கசியிழையம் மீண்டும் பழைய நிலைக்கு வளர்வதில்லை. இந்நோயில் ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கிற்குரியதாவது இதனாலேயே.

காயத்தின் அளவன்று, இடமே முக்கியம்

தொடையிலோ மார்பிலோ ஒரு முழ நீளமாகத் தோல் கிழிந்து குருதி பெருகினால் எல்லாரும் பதறுவர். ஆயினும் அத்தகைய காயங்கள் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடுகின்றன. கணுவின் பின்புறத்தில் ஒரு பயற்றம் விதையளவு துளை இருந்தால் எவரும் பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அஞ்சவேண்டியது பின்னையதற்கே. முழங்கால், குதிமூட்டு, கணு, குளம்பின் மேல்விளிம்பு, குளம்பின் அடிப்புறம் ஆகிய இடங்களில் அல்லது அவற்றிலிருந்து நான்கு விரற்கடைக்குள் உண்டாகும் எக்காயமும், எவ்வளவு சிறியதாயினும், மூட்டையோ நாணுறையையோ துளைத்திருக்கும் என்றே முதலிற் கருதவேண்டும். அவ்வாறில்லை என்று மிருக வைத்தியர் சோதித்துக் கூறிய பின்னரே மனம் ஆறலாம்.

காயம் பட்டபோது கால் மடங்கியிருந்திருக்கலாம். குதிரை நிற்கும்போது தோல் இடம்பெயர்ந்து, தோலிலுள்ள துளையும் உள்ளேயுள்ள துளையும் வெவ்வேறிடங்களில் அமையும். ஆதலால் வெளிக்காயத்தைப் பார்த்து மாத்திரம் ஆழத்தை மதிப்பிட முடியாது.

அறிகுறிகள்

தொற்று முற்றியபோது அதனை அறிவது கடினமன்று. குதிரை காலை நிலத்தில் ஊன்றமாட்டாது. குளம்பின் நுனியை மட்டும் நிலத்திற் படவைக்கும். மூட்டு வீங்கிச் சூடேறியிருக்கும், தொட்டால் உதறும். தீனியை வெறுக்கும். சில குதிரைகளுக்குக் காய்ச்சல் காணும். வளர்ந்த குதிரைகள் பலவற்றிற்குக் காய்ச்சல் இராது. எனவே காய்ச்சல் இல்லை என்பதனால் தொற்றும் இல்லை என்று முடிவுசெய்தல் தவறாகும். வளர்ந்த குதிரையின் இயல்பான உடல்வெப்பம் ஏறக்குறைய 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரையாகும்.

தொடக்க நிலை இதனின்றும் வேறானது. பலரை ஏமாற்றுவதும் இதுவே. காயம் திறந்திருக்கும் வரை மூட்டுநீர் வெளியே வடிந்துகொண்டிருக்கும். உள்ளே அமுக்கம் கூடாது. ஆதலால் நோவும் மிகாது. முதல் நாள் குதிரை ஓரளவு நன்றாகவே நடக்கும். "சுகமாகிவிட்டது" என்று எண்ணிச் சொந்தக்காரர் வாளாவிருப்பார். இரண்டு மூன்று நாட்களிற் காயத்தின் வாய் மூடுகின்றது. சீழும் நீரும் வெளியேற வழியின்றி உள்ளே தேங்குகின்றன. அப்பொழுது குதிரை திடீரெனக் காலைத் தூக்கிக்கொள்கின்றது. காயம் ஆறிக்கொண்டுவரும்போது நொண்டுதல் அதிகரிக்குமாயின், அது நற்குறியன்று. உள்ளே சீழ் கட்டியிருப்பதன் அறிகுறியாகும்.

காயத்திலிருந்து குருதியன்றி, மஞ்சள் நிறமான, விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால் நூல்போல் நீளும் நீர் வடியுமாயின் மூட்டோ நாணுறையோ திறந்துவிட்டது என்று கொள்ளலாம். அந்நீர் காணப்படாமையால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது.

வேலை செய்யும் குதிரைகள் பலவற்றிற் கணுவிற்கு மேலே இருபுறமும் மென்மையான வீக்கம் காணப்படுவதுண்டு. அது குளிர்ந்தும் நோவற்றும், பல மாதங்களாக ஒரே தன்மையாகவும் இருப்பின் தொற்று அன்று. அவ்வீக்கம் ஒரே இரவிற் பெருத்து, சூடேறி, குதிரையும் நொண்டுமாயின் உடனே கவனிக்கப்படல் வேண்டும்.

மிருக வைத்தியர் வரும்வரை செய்யவேண்டியவை

1. குதிரையை அமைதிப்படுத்தி, காயப்பட்ட இடத்திலேயே நிறுத்துக. வேண்டுமின்றி நடத்தாதிருக்க.

2. மிருக வைத்தியருக்கு உடனே அறிவிக்க. காயத்தின் இடம், காயம் பட்ட நேரம், குதிரை காலை ஊன்றும் விதம், கடைசியாக ஏற்பு நோய்த் தடுப்பூசி போட்ட காலம் ஆகியவற்றைக் கூறுக. கைத்தொலைபேசியிற் காயத்தைப் படமெடுத்து அனுப்புதலும் உதவும்.

3. குருதி பெருகினால், தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து இறுக்கமாக அழுத்திக் கட்டுக.

4. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், கொதித்தாறிய நீரில் ஓர் இலீற்றருக்கு 9 கிராம், அதாவது ஏறக்குறைய ஒன்றரை மட்டத் தேக்கரண்டி, கறியுப்பைக் கரைத்து, அந்நீரை மெதுவாக ஊற்றிக் காயத்தின் மேலுள்ள மண்ணையும் சாணத்தையும் அகற்றுக.

5. தூய துணியாலோ கிருமி நீக்கிய பஞ்சுக் கட்டாலோ காயத்தை மூடி, அதன்மேல் தடித்த பஞ்சும் துணிப்பட்டியும் சுற்றிக் கட்டுக.

செய்யத் தகாதவை

காயத்துள் விரலையோ குச்சியையோ விட்டு ஆழம் பார்த்தலாகாது. அது வெளியிலுள்ள கிருமியை உள்ளே தள்ளிவிடும். குழாயிலிருந்து நீரை வேகமாகப் பீச்சுதலும் அவ்வாறே தீங்கானது. சாம்பல், மஞ்சள் தூள், மண்ணெண்ணெய், இயந்திர எண்ணெய், வண்ண மருந்துகள், மருந்துத் தூள்கள் முதலியவற்றை இடலாகாது. இவை காயத்தை மறைத்து மிருக வைத்தியரின் சோதனைக்கு இடையூறாகும். மூட்டுக்குட் புகுந்தால் அதன் சவ்வையும் புண்படுத்தும். ஐதரசன் பரவொட்சைட்டு நல்ல இழையங்களையும் அழிக்கும் ஆதலால் அதனையும் தவிர்க்க.

வீட்டில் எஞ்சியிருக்கும் நுண்ணுயிர்க்கொல்லியை ஓரிரு முறை ஊசியேற்றி "பார்ப்போம்" என்று காத்திருத்தல் எல்லாவற்றிலும் பெருந்தவறு. அது கிருமியை முற்றாக ஒழிக்காது. ஆனால் நோயின் அறிகுறிகளைச் சில நாட்களுக்கு மறைக்கும். நோவு தணிக்கும் மருந்தும் நொண்டுதலை மறைக்குமாதலால், மிருக வைத்தியரின் ஆலோசனையின்றிக் கொடுக்கப்படலாகாது.

குளம்பில் ஆணி ஏறினால்

குளம்பின் அடியில் ஆணி ஏறினால் அதனை உடனே பிடுங்கி எறிவது வழக்கம். அவ்வாறு செய்தால் ஆணி எப்பக்கமாக, எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதை அறிய வழியின்றிப் போகும். குளம்பின் துளை உடனே மூடிக்கொள்ளும். குளம்பின் அடியில் நடுப்பகுதிக்கும் அதன் பின்புறத்திலுள்ள முக்கோணமான மென்பகுதிக்கும் மேலே தசைநாணும், அதனை அடுத்த நீர்ப்பையும், குளம்பினுள்ளிருக்கும் மூட்டும் நெருங்கி அமைந்துள்ளன. அங்கே ஏறும் நீண்ட ஆணி இவற்றுள் யாதேனும் ஒன்றைத் துளைத்திருக்கலாம்.

ஆதலால், இயலுமாயின் ஆணியை அப்படியே விட்டு, அது மேலும் உள்ளே ஏறாதபடி குளம்பின் அடியில் ஆணியின் இருபுறமும் மரக்கட்டைகளை வைத்துக் கட்டி, மிருக வைத்தியரை அழைக்க. ஆணி இருக்கும் நிலையிலேயே எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தால் அது தொட்ட இடம் தெளிவாகும். குதிரை காலை ஊன்றி ஆணியை மேலும் ஏற்றிவிடும் என்ற நிலை இருந்தால் மாத்திரம் அதனைப் பிடுங்குக. பிடுங்கியபின் துளையைச் சுற்றி மையினால் அடையாளமிட்டு, ஆணி சென்ற பக்கத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, அவ்வாணியையும் எடுத்துவைக்க.

நோயை உறுதிசெய்யும் முறை

மிருக வைத்தியர் காயத்தைச் சுற்றியுள்ள மயிரை மழித்துச் சுத்தம் செய்தபின், காயத்திலிருந்து விலகிய, நோயற்ற தோலின் வழியாக மூட்டுக்குள் ஊசியைச் செலுத்திச் சிறிது நீரை எடுப்பார். பின்னர் அதே ஊசி வழியாகக் கிருமி நீக்கிய உப்புநீரை உள்ளே ஏற்றுவார். அந்நீர் காயத்தின் வாயால் வெளியேறுமாயின் மூட்டு திறந்துள்ளது என்பதில் ஐயமில்லை.

எடுக்கப்பட்ட நீர் ஆய்வுகூடத்திற் சோதிக்கப்படும். நல்ல மூட்டின் நீரில் ஒரு கன மில்லிமீற்றருக்கு 1,000 இற்கும் குறைவான வெண்குருதிக் கலங்களே இருக்கும். தொற்றுள்ள மூட்டில் அது பெரும்பாலும் 30,000 ஐத் தாண்டும். புரதத்தின் அளவும் 100 மில்லி இலீற்றருக்கு 2 கிராம் என்ற எல்லைக்குள் இருப்பது 4 கிராமுக்கு மேல் உயரும். நீரிலுள்ள கிருமியை வளர்த்து, அதனை எம்மருந்து கொல்லும் என்றும் அறியலாம். ஆயினும் தொற்றுள்ள நீரிலும் பல வேளைகளிற் கிருமி வளர்வதில்லை. ஆகவே கிருமி வளரவில்லை என்னும் முடிவு மாத்திரம் கொண்டு சிகிச்சையை நிறுத்தலாகாது. எலும்பு முறிவோ எலும்பிற் சீழோ உண்டா என்று காண எக்ஸ் கதிர்ப்படமும், நாணுறையையும் தசைநாணையும் காண ஒலியலைப் படமும் பயன்படுகின்றன.

சிகிச்சை

சிகிச்சையின் உயிர்நாடி, மூட்டைக் கழுவுதலாகும். ஊசி மருந்து மாத்திரம் போதாது. சீழும் படிவுகளும் உள்ளே இருக்கும் வரை மருந்து கிருமியைச் சென்றடையாது. கசியிழையமும் தொடர்ந்து அரிக்கப்படும். ஆகவே மூட்டின் ஒருபுறத்தில் ஓர் ஊசி வழியாகக் கிருமி நீக்கிய உப்புக் கரைசலை அமுக்கத்துடன் செலுத்தி, மறுபுறத்தில் வேறோர் ஊசி வழியாக அதனை வெளியேற்றுவர். வெளிவரும் நீர் தெளியும் வரை பல இலீற்றர் கரைசல் இதற்குச் செலவாகும். வசதியுள்ள இடங்களிற் குதிரையை முற்றாக மயக்கி, மூட்டுநோக்கி என்னும் மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, உட்புறத்தைக் கண்ணாற் கண்டு, படிவுகளையும் மண், மயிர் போன்ற அந்நியப் பொருள்களையும் அகற்றுவர். காயத்தினால் உண்டான தொற்றுக்கு இதுவே சிறந்த முறையாகும்.

கழுவிய பின் மூட்டுக்குள்ளேயே நுண்ணுயிர்க்கொல்லி இடப்படும். இதனோடு உடல் முழுவதற்கும் மருந்து ஊசியேற்றப்படும். பெனிசிலினும் ஜென்ராமைசினும் சேர்த்து வழங்குதல் பொதுவான வழக்கம். ஜென்ராமைசின் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியதாதலால், குதிரை போதிய நீர் அருந்துகின்றதா என்பதைப் பராமரிப்பாளர் கவனித்தல் வேண்டும்.

மருந்தை நோயுள்ள இடத்திற்கே மிகுந்த செறிவிற் கொண்டுசெல்ல மற்றொரு முறையும் உண்டு. மூட்டுக்கு மேலே காலை இறுக்கமான பட்டியினாற் கட்டி, கட்டுக்குக் கீழேயுள்ள நாளத்தில் மருந்தைச் செலுத்தி, 20 முதல் 30 நிமிடம் வரை கட்டை அவிழ்க்காது விடுவர். அவ்வேளையில் மருந்து உடலெங்கும் பரவாது, காலின் அடிப்பகுதி இழையங்களில் ஊறுகின்றது. குதிரையை மருந்தினால் அமைதிப்படுத்தி, நின்ற நிலையிலேயே இதனைச் செய்யலாம்.

நோவைத் தணிக்க பினைல்பியூற்றசோன் போன்ற மருந்துகள் அளவறிந்து கொடுக்கப்படும். நோவைத் தணித்தல் இரக்கத்தின்பாற்பட்டது மாத்திரமன்று. ஒரு காலை ஊன்றாத குதிரை தன் பாரம் முழுவதையும் எதிர்க்காலில் தாங்குகின்றது. பல நாட்கள் இவ்வாறு நின்றால், அந்நல்ல காலின் குளம்பினுள் அழற்சி உண்டாகிக் குளம்பெலும்பு இறங்கிவிடும். மூட்டு நோய் குணமாகியும் இதனாற் குதிரையை இழக்க நேரிடுவதுண்டு.

ஒரு முறை கழுவுதலே போதும் என்று எண்ணலாகாது. ஒன்றிரண்டு நாட்களில் நொண்டுதல் குறையாவிடின், நீரை மீண்டும் சோதித்து மீண்டும் கழுவவேண்டியிருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு கிழமை வரை தொடரும். குதிரை நன்றாக நடக்கின்றது என்று கருதி இடையில் நிறுத்துதல் தீமை பயக்கும்.

நாணுறைத் தொற்றின் தனித்தன்மை

நாணுறைத் தொற்றும் மூட்டுத் தொற்றைப் போன்றே கழுவியும் மருந்திட்டும் குணப்படுத்தப்படும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாணுறை நீண்டு ஒடுங்கியது. கணுவின் பின்புறத்தில் ஓர் உறுதியான பட்டி அதனைக் குறுக்கே இறுக்கிப் பிடித்துள்ளது. வீக்கம் உண்டாகும்போது இப்பட்டியின் அடியில் நெருக்கம் ஏற்பட்டு நோவு மிகும். மேலும், தொற்று நீடித்தால் தசைநாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வாறு ஒட்டினால் கிருமி ஒழிந்த பின்னரும் குதிரை நொண்டும். இதனைத் தவிர்க்க, தொற்று அடங்கியதும் மிருக வைத்தியர் கூறும் அளவிற்குக் குதிரையைக் கையிற் பிடித்து மெதுவாக நடத்துதல் வேண்டும். காயத்தோடு தசைநாணும் அறுந்திருப்பின் குணமடையும் வாய்ப்புக் குறையும். குளம்பின் நுனி மேல்நோக்கி எழுந்து நிற்பதும் கணு கீழே தாழ்வதும் தசைநாண் அறுந்தமைக்கு அறிகுறிகளாம். அத்தகைய காலை அசையாது தாங்கக் கட்டியபின்னரே குதிரையை வாகனத்தில் ஏற்றவேண்டும்.

குட்டிகளின் மூட்டு நோய்

பிறந்த குட்டி நொண்டினால், "தாய் மிதித்துவிட்டது" என்று கூறிவிடுதல் பலரின் வழக்கம். அது உண்மையாயிருத்தல் அரிது. நொண்டும் இளங்குட்டிக்கு மூட்டுத் தொற்று உண்டு என்றே கொண்டு, அதே நாளில் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

குதிரைக்குட்டி நோயெதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய இன்றியே பிறக்கின்றது. அச்சக்தி தாயின் கடும்புப் பாலாகிய சீம்பால் மூலமே அதற்குக் கிடைக்கின்றது. குட்டியின் குடல் முதற் சில மணித்தியாலங்களிலேயே அதனை நன்றாக உறிஞ்சும். ஏறக்குறைய 24 மணித்தியாலங்களின் பின் உறிஞ்சும் ஆற்றல் அற்றுப்போகும். நலமான குட்டி பிறந்து ஒரு மணித்தியாலத்துள் எழுந்து நிற்கவும், இரண்டு மணித்தியாலத்துட் பால் குடிக்கவும் வேண்டும். அவ்வாறு செய்யாத குட்டிக்குத் தாயிடமிருந்து கறந்த கடும்புப் பாலைத் தாமதமின்றி ஊட்டுவிக்க வேண்டும். போதிய பாதுகாப்புக் கிடைத்ததா என்பதைக் குட்டியின் குருதியைச் சோதித்து அறியலாம்.

தொப்புளை 100 பங்கு நீரில் அரைப் பங்கு குளோரெக்சிடின் உள்ள கரைசலில், முதற் சில நாட்களுக்கு நாள்தோறும் சில முறை தோய்த்தல் நன்று. கடுமையான அயடின் தோலைச் சுட்டுப் புண்ணாக்குமாதலால் விரும்பத்தக்கதன்று.

நோயுற்ற குட்டியில் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுக்கள் வீங்கலாம். எலும்பின் முனைகளிலும் கிருமி பரவலாம். குட்டி மிகுதியாகப் படுத்துக்கொள்ளும். தாயின் மடி பால் நிறைந்து சொட்டிக்கொண்டிருப்பது, குட்டி பால் குடிக்கவில்லை என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் நல்ல அடையாளமாகும். வளர்ந்த குதிரைகளை நோக்கக் குட்டிகள் பிழைக்கும் வாய்ப்புக் குறைவானது. ஏனெனில் அவற்றின் உடல் முழுவதிலுமே கிருமி பரவியிருக்கக்கூடும்.

சிகிச்சையின் பின் பராமரிப்பு

குதிரையை உலர்ந்த, தடித்த படுக்கையுள்ள இலாயத்தில் வைக்க. நுவரெலியா போன்ற குளிரும் மழையும் மிகுந்த இடங்களிற் கட்டு நனையாதிருத்தல் மிக முக்கியம். நனைந்த கட்டு கிருமிக்கு வழிகாட்டி. கட்டை மாற்றும்போது கைகள் தூய்மையாயிருத்தல் வேண்டும். காலையும் மாலையும் உடல்வெப்பத்தை எடுத்துக் குறித்து வைக்க. உண்ணும் தீனி, சாணம், காலை ஊன்றும் விதம் ஆகியவற்றையும் குறித்து வைத்தால் மிருக வைத்தியருக்கு அது பேருதவியாகும். நுண்ணுயிர்க்கொல்லி பெறும் குதிரைக்குக் கழிச்சல் கண்டால் உடனே அறிவிக்கவேண்டும். எதிர்க்காலின் குளம்பு சூடேறுகின்றதா என்று நாள்தோறும் தொட்டுப் பார்க்க.

குதிரையை மீண்டும் வேலைக்கு விடுவதில் அவசரம் கூடாது. பயணிகளை ஏற்றிப் பிழைப்பு நடத்துவோருக்குக் குதிரை நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமான இழப்பே. ஆயினும் பருவகாலம் வந்துவிட்டது என்பதற்காக ஆறாத மூட்டில் ஆளை ஏற்றினால், சில கிழமை வருமானத்திற்காகக் குதிரையையே இழக்க நேரிடும்.

நோய் மிகவும் முற்றி, கசியிழையமும் எலும்பும் அழிந்து, நோவைத் தணிக்கவும் இயலாத நிலையில், குதிரையை வலியின்றி உயிர் நீக்கும்படி மிருக வைத்தியர் கூறலாம். நம்பிக்கையற்ற நிலையில் அதனைத் துன்புற விடுதல் இரக்கமாகாது.

தடுக்கும் முறைகள்

மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி முட்கம்பி இடாதிருத்தல் நன்று. இருக்குமாயின் தளர்ந்து தொங்கும் கம்பிகளை அகற்றவேண்டும். பழைய கூரைத் தகரம், உடைந்த போத்தல், ஆணி அடித்த பலகை ஆகியவை குதிரை நடமாடும் இடத்திற் கிடக்கலாகாது. இலாடம் அடித்தபின் பழைய ஆணிகளை எண்ணிப் பொறுக்கவேண்டும். குளம்புகளின் அடியை நாள்தோறும் சுத்தம் செய்து பார்க்கவேண்டும். குதிரைகளை வீதியில் அலைய விடுதல் குதிரைக்கும் மனிதருக்கும் ஆபத்தானது.

ஏற்பு நோயினால் மிக எளிதிற் பீடிக்கப்படும் விலங்குகளுட் குதிரை முதன்மையானது. காயமுற்ற குதிரையின் மூட்டைக் காப்பாற்றி, ஏற்பினால் அதனை இழத்தல் எத்துணைப் பேதைமை! முதலில் 4 முதல் 6 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசிகளும், பின்னர் மிருக வைத்தியர் குறிக்கும் காலங்களில் மீளூசிகளும் போடுவித்தல் வேண்டும். ஊசி போடப்படாத குதிரைக்குக் காயம் பட்டால், அதே நாளில் ஏற்பு நச்செதிர்ப்பு மருந்து தேவைப்படும்.

குதிரை வைத்திருப்போர் காயம் படுமுன்னரே சில ஏற்பாடுகளைச் செய்து வைத்தல் நன்று. மிருக வைத்தியரின் தொலைபேசி இலக்கம், குதிரையை ஏற்றிச் செல்லக்கூடிய லொறி, தூய பஞ்சும் கட்டுத் துணியும் ஆகிய மூன்றும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைச் சேர்ந்த போதனா வைத்தியசாலை போன்ற இடத்திற்குக் குதிரையைக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பதை உள்ளூர் மிருக வைத்தியர் தீர்மானிப்பார். நுவரெலியாவிலிருந்து அங்கு செல்வது மலைப்பாதையிற் சில மணித்தியாலப் பயணமாகும். அத்தீர்மானம் முதல் நாளிலேயே செய்யப்படல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

மூட்டின் அருகிலுள்ள சிறு காயமும் பெருங்காயமே.

முதல் நாளில் நொண்டாமை சுகத்தின் அடையாளமன்று.

மருந்து ஊசி மாத்திரம் போதாது. மூட்டு கழுவப்படல் வேண்டும்.

குளம்பில் ஏறிய ஆணியை அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது.

நொண்டும் குட்டியை நாளை பார்க்கலாம் என்று விடலாகாது.

ஐயம் தோன்றிய அதே மணித்தியாலத்தில் மிருக வைத்தியரை அழைக்க.